ஷைலக்குக்குத் திரைக்கதை எழுதிய அனுபவம்

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தைத் தமிழில் சிறு முதலீட்டுப் படமாக எடுப்பதென்று முடிவானபோது, திரைக்கதைப் பொறுப்பு என்னிடம் வந்தது. கதை பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். நண்பன் பஸ்ஸானியோவின் திருமண முயற்சிக்காக அன்டோனியோ என்ற வணிகர், ஷைலக் என்ற யூத லேவாதேவிக்காரரிடம் மூவாயிரம் டக்கட் கடன் வாங்குகிறார். மூன்று மாதத்தில் திருப்பித் தராவிட்டால் தன் உடலிலிருந்து ஒரு ராத்தல் சதையை அறுத்துக்கொள்ளலாம் என்று பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். கப்பல்கள் வந்து சேரவில்லை, வழக்கு நீதிமன்றம் போகிறது, பஸ்ஸானியோவின் மனைவி போர்ஷியா ஆண் வழக்கறிஞர் வேடத்தில் வந்து 'சதையை எடுத்துக்கொள், ஆனால் ஒரு சொட்டு இரத்தம் சிந்தக் கூடாது' என்று சொல்லி வழக்கைக் கவிழ்த்துவிடுகிறார். பள்ளிப் பாடங்களில் கதை பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடும். நாடகத்திலோ அதற்குப் பிறகுதான் விவகாரம் தொடங்குகிறது: ஷைலக்கின் சொத்து கை மாறுகிறது, அவர் கிறிஸ்தவராக மதம் மாற வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்படுகிறது, அவரை அவமதித்தவர்கள் நிலவொளியில் மோதிரத்தைப் பற்றி விளையாட்டாகச் சண்டையிட்டுக்கொண்டிருக்க, நாடகம் மங்களமாக முடிகிறது.

1600-இல் அச்சான முதல் பதிப்பின் முகப்பிலேயே ஷைலக் என்ற யூதனின் மிதமிஞ்சிய கொடுமை விளம்பரமாக இடம்பெற்றிருக்கிறது. இங்கிலாந்திலிருந்து யூதர்கள் 1290-இல் வெளியேற்றப்பட்டவர்கள். ஆகையால் அந்தக் காலத்து லண்டன் பார்வையாளரில் பெரும்பாலோர் தன்னை யூதர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட ஒருவரையும் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு இதே நாடகம் காலத்துக்குக் காலம் வேறு வேறு வேலைகளைச் செய்தது. 1814-இல் எட்மண்ட் கீன், கோமாளித்தனமான சிவப்புப் பொய்முடியைக் கழற்றிவிட்டு ஷைலக்கை ஒரு மனிதராக நடித்தார். 1879-இல் ஹென்றி இர்விங் அவரைக் கண்ணியமும் துயரமும் கொண்டவராக ஆக்கினார். 1943-இல் நாஜிகளின் பிடியில் இருந்த வியன்னாவின் பெரிய அரங்கில் வெர்னர் கிராவுஸ் அவரை அருவருப்பூட்டும் உருவமாக நடித்தார். மூன்று பேருக்கும் மூலம் ஒன்றே. ஆகவே 'மூலத்தில் இருப்பதைத்தானே எடுத்தோம்' என்ற சமாதானம் எங்களுக்கு உதவாது என்பது தொடக்கத்திலேயே தெளிவாகிவிட்டது.

தயாரிப்புத் தரப்பிலிருந்து வந்த முதல் யோசனை, கதையைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஷைலக்கைச் சௌகார்பேட்டை சேட்டாக ஆக்கிவிடலாம் என்பது. கொச்சைத் தமிழ் பேசி, பணத்தை எண்ணி, கடைசியில் ஏமாந்துபோகும் வட்டிக்கடை சேட்டைத் தமிழ் சினிமா பல காலமாகச் சிரிப்புக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறது. ஒரு சிறுபான்மையினர் மீது சுமத்தப்பட்ட பழியை எடுத்து வேறொரு சிறுபான்மையினர் தலையில் கட்டுவதற்கு ஷேக்ஸ்பியரின் துணை எதற்கு என்று கேட்டேன். அந்த யோசனை அத்துடன் போயிற்று.

அடுத்ததாக நான் வைத்த யோசனை இரங்கூன். இதில் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் களத்தை மாற்றுவது பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் இங்கேதான். பிரிட்டிஷ் பர்மாவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பெரிய அளவில் லேவாதேவி நடத்தினார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் விளைநிலத்தின் சுமார் 6 சதவீதம் அவர்கள் வசம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் திருப்ப முடியாமல் நிலத்தைக் கொடுத்துத் தீர்க்க, 1938-க்குள் அது சுமார் 25 சதவீதமாக உயர்ந்தது. நிலம் இழந்த பர்மிய விவசாயியின் கண்ணுக்குச் செட்டியார்தான் ஷைலக்காகத் தெரிந்தார். மொகல் தெருவின் கிட்டங்கிகள், மேலாள், பெட்டியடிப் பையன், நடப்பு வட்டி என்று அந்த உலகத்துக்கே உரிய சொற்களும் பழக்கங்களும் ஏராளம். எல்லாவற்றையும்விட, தமிழ்ப் பார்வையாளர் தம் இனத்தவரையே வெறுக்கப்படும் அந்நியர் இடத்தில் வைத்துப் பார்க்க நேரும் என்பது என்னை ஈர்த்தது.

ஆனால் கதையின் முதுகெலும்பை அங்கே நிறுத்திப் பார்த்தபோது அது நிற்கவில்லை. ஒரு ராத்தல் சதைப் பத்திரம் செல்லுபடியானால்தான் இந்த நாடகமே உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, ஒருவரின் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு விளைவிக்கும் நோக்கமுடைய ஒப்பந்தம் செல்லாது. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அதாவது அன்டோனியோவின் வழக்கு முதல் வாய்தாவிலேயே தள்ளுபடியாகியிருக்கும். பெண்கள் வழக்கறிஞராவதற்கு இருந்த தடையை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டதால், போர்ஷியா ஆண் வேடம் போட வேண்டிய அவசியமும் இல்லை. இவற்றை எப்படியாவது வளைத்துச் சமாளிக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும், சமாளிக்க முடியாத ஒன்று இருந்தது. இரங்கூனில் காலனிய நீதிமன்றம் கடன் கொடுத்தவரின் பக்கம் நின்றது. வெனிஸில் நீதிமன்றம் கடைசி நிமிடத்தில் 'நீ அந்நியன்' என்று சொல்லித் தனிச் சட்டத்தை எடுத்துக் கடன் கொடுத்தவர் மீது வீசுகிறது. செட்டியாருக்கு இருந்த சட்ட பலம் ஷைலக்குக்கு ஒருபோதும் இருந்ததில்லை. களத்தை மாற்றினால் அதிகாரத்தின் திசை தலைகீழாகிவிடும். அப்படியான பின் அது வேறு கதை. அதை யாராவது எழுத வேண்டும், ஆனால் ஷைலக்கின் பெயரில் எழுதக் கூடாது.

வெனிஸ் ஏன் அந்தப் பத்திரத்தை மதிக்கிறது என்பதை மூன்றாம் அங்கத்தில் அன்டோனியோவே சொல்கிறார்: வெளிநாட்டு வணிகர்களுக்கு இந்த நகரம் தரும் உரிமையை மறுத்தால் நகரத்தின் நீதி மீதே பழி வரும், பல நாட்டு வணிகத்தால்தான் நகரம் பிழைக்கிறது, ஆகவே நகரை ஆளும் டியூக்கால் சட்டத்தைத் தடுக்க முடியாது. இந்த ஒரு பேச்சு இல்லாவிட்டால் நாடகத்தின் அச்சாணி கழன்றுவிடும். பழைய நாடகம் ஒன்றை வேறு ஊருக்கோ வேறு காலத்துக்கோ நகர்த்த நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பாத்திரங்களுக்கு ஈடான ஆட்களைத் தேடும் முன், கதை சாய்ந்துகொண்டிருக்கும் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் அச்சத்துக்கும் அங்கே ஈடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே 1596-ஆம் ஆண்டின் வெனிஸிலேயே இருப்பது, தமிழில் பேசுவது, பெரும்பாலும் உட்புறங்களிலேயே எடுப்பது என்று தீர்மானித்தோம். தமிழ்த் திரைக்கு ஷைலக் புதியவரும் அல்லர். 1940-லேயே அவர் பெயரில் ஒரு தமிழ்ப் படம் வந்தது, செருகளத்தூர் சாமா ஷைலக்காக நடித்தார். போர்ஷியாவின் பெல்மாண்ட் மாளிகைக் காட்சிகளைக் காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றில் எடுத்தோம். தரையில் இத்தாலியப் பளிங்கு, சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. ஆத்தங்குடிக் கல் பதித்த பகுதிகள் மட்டும் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். கைவிட்ட இரங்கூன் பர்மாத் தேக்குத் தூணாக வந்து நிற்கிறது என்று ஒளிப்பதிவாளர் என்னைக் கேலி செய்தார். ஷைலக்கின் வீட்டைச் சென்னையில் அரங்கமாகப் போட்டோம். 1516-இல் வெனிஸ் அரசு யூதர்களை ஒரு சிறு பகுதிக்குள் குடியிருக்கச் சொல்லி, இரவில் வாயில்களைப் பூட்டியது. மக்கள் பெருகப் பெருக அகலத்தில் இடமில்லாமல் கட்டடங்கள் மேல்நோக்கி வளர்ந்தன, மாடிகளின் உயரம் குறைந்தது. கலை இயக்குநர் கூரையை வேண்டுமென்றே தாழ்த்தியதால் விளக்குகளை மேலே தொங்கவிட முடியாமல் எல்லா ஒளியும் சன்னல் வழியாகவே வர வேண்டியதாயிற்று. அது நன்மையாகவே முடிந்தது.

எழுதும்போது என்னை மிக நீண்ட நேரம் நிறுத்தி வைத்தது இரண்டாம் அங்கத்தின் எட்டாம் காட்சி. மகள் ஜெசிகா பணத்தையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு லொரென்ஸோ என்ற கிறிஸ்தவ இளைஞனோடு போய்விட்டாள். ஷைலக் தெருவில் 'என் மகளே, என் டக்கட்டே' என்று மாறி மாறிக் கதறிக்கொண்டு ஓடினார், ஊர்ச் சிறுவர்கள் பின்னால் ஓடினார்கள். இந்த நாடகத்தைப் படித்த எவருக்கும் இது மறக்காது. பணத்தையும் மகளையும் ஒரே தட்டில் வைத்தவர் என்ற ஷைலக்கின் பிம்பத்துக்கு இதுதான் அடிப்படை. ஆனால் நாடகத்தில் அவர் இப்படிக் கதறுவதை நாம் பார்ப்பதே இல்லை. சொலானியோ என்ற, ஷைலக்கை வெறுக்கும் ஒருவன், தன் தோழனிடம் குரலை மாற்றி நடித்துக் காட்டிச் சிரிக்கிறான். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் சாட்சியம்.

வாய்மொழியாக வரும் எதையும் காட்சியாக்கு என்பது திரைக்கதை எழுதுபவரின் கையில் ஊறிப்போன பழக்கம். இரவு, பாலம், ஓடும் கிழவர், பின்னால் சிறுவர்கள் என்று எழுதினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி எடுத்த உடனே, பகைவனின் கேலி நடந்த உண்மையாகிவிடுகிறது. மேடையில் ஒருவர் சொல்வதைப் பார்வையாளர் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். திரையில் தம் கண்ணால் கண்டதை அவர்கள் சந்தேகிக்க மாட்டார்கள். எனவே அந்தக் காட்சியை மதுக்கடையில் வைத்து, சொலானியோ நடித்துக் காட்டுவதாகவே எடுத்தோம். கேமரா பெரும்பாலும் கேட்பவர்களின் முகத்தில் இருந்தது; எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சற்றுத் தாமதமாகச் சிரிக்கும் ஒரு முகத்தையும் சேர்த்துக்கொண்டோம்.

இதன் பிறகு நாடகம் முழுவதையும் அந்தக் கண்ணோடு மறுபடியும் படித்தேன். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மேடையில் நடப்பது, ஒருவர் வாயால் வருவது என்று இரண்டாகப் பிரித்து, வாயால் வருவதென்றால் யார் வாயால் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன். சர்ச்சைக்குரிய நாடகத்தைத் தழுவ நினைப்பவர்கள் வசனத்தில் கை வைக்கும் முன் இப்படி ஒரு பட்டியல் போட்டுவிடுவது நல்லது. அது எல்லாப் பக்கமும் வெட்டும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜெசிகா, தன் தாய் லேயா ஷைலக்குக்குக் கொடுத்த மோதிரத்தைக் கொடுத்து ஒரு குரங்கை வாங்கினாள் என்பதும் ஷைலக்கின் யூத நண்பர் துபால் வாயால் வரும் செய்திதான். ஆகவே அதையும் நாங்கள் படமாக்கவில்லை. மறுபுறம், மகள் தன் காலடியில் செத்துக் கிடக்க அந்த நகைகள் அவள் காதில் இருக்கக் கூடாதா என்று மூன்றாம் அங்கத்தில் ஷைலக் தம் வாயாலேயே சொல்கிறார். அதை நீக்கினால் ஷைலக்கைப் புனிதராக்கலாம், நாடகம் பொய்யாகிவிடும். படத்தில் அது அப்படியே இருக்கிறது.

அன்டோனியோ ஷைலக் மீது துப்பினார் என்பது இந்தப் பட்டியலில் வேறு வகை. ஷைலக் குற்றம் சாட்டுகிறார். அன்டோனியோ மறுக்கவில்லை, இனியும் உன்னை அப்படியே அழைப்பேன், துப்புவேன், உதைப்பேன் என்கிறார். பிரதிவாதியே ஒப்புக்கொண்ட செயல் என்பதால் அதைக் காட்டலாம். மைக்கேல் ராட்ஃபோர்டின் 2004-ஆம் ஆண்டுப் படம் அதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. நாங்கள் காட்டவில்லை. கடன் கேட்க வந்த இடத்தில், குரலை உயர்த்தாமல், எந்தச் சங்கடமும் இல்லாமல் ஒரு நல்ல மனிதர் அதைச் சொல்வது, துப்புவதைக் காட்டுவதைவிடக் கடுமையாக விழும் என்று இயக்குநர் கருதினார். ஒத்திகையில் அந்த வரி வந்ததும் அறை அமைதியாகிவிட்டதைப் பார்த்தபோது எனக்கும் அது சரியென்றே பட்டது.

'யூதனுக்குக் கண்கள் இல்லையா' என்று தொடங்கும் புகழ்பெற்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டிகளில் அது பெரும்பாலும் 'எங்களைக் குத்தினால் இரத்தம் வராதா' என்பதோடு நின்றுவிடும். மனிதநேய முழக்கமாகக் கேட்கும். நாடகத்தில் அது பழிவாங்கும் உரிமைக்கான வாதம்: மற்ற எல்லாவற்றிலும் உங்களைப் போல் இருக்கிறோம், பழிவாங்குவதிலும் உங்களைப் போலவே இருப்போம், நீங்கள் கற்றுத் தந்த கொடுமையை உங்களைவிடச் சிறப்பாகச் செய்து காட்டுவேன் என்று முடிகிறது. அந்த முடிவை வெட்டினால் ஷைலக் நமக்கு உகந்தவர் ஆகிறார், வாதமோ செத்துவிடுகிறது. முதலில் திட்டமிட்டது ஒரு நீண்ட குளோசப். ஒத்திகையில் நடிகர், 'இதை நான் யாரிடம் சொல்கிறேன்?' என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். அதைக் கேட்டு நிற்பவர்கள் சற்று முன்பு அவர் மகளைப் பற்றிக் கேலி பேசிய இருவர். அவர்களிடம் பதில் இல்லை; அன்டோனியோ கூப்பிடுவதாக ஒரு வேலையாள் வந்து சொன்னதும் கிளம்பிப் போகிறார்கள். ஆகவே மூவரும் ஒரே சட்டகத்தில் இருக்கும்படி எடுத்து, பழிவாங்கும் பகுதி வரும்போது மட்டும் அருகே போனோம். பேச்சு முடிந்தபின் அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போவதை வெட்டாமல் வைத்திருக்கிறோம்.

முழு நாடகத்தையும் அப்படியே நிகழ்த்தினால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். எங்கள் படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஷைலக்கின் வேலைக்காரன் லான்சலட்டின் வேடிக்கைகளில் பெரும்பகுதி போயிற்று. அவன் தன் குருட்டுத் தந்தையை ஏமாற்றும் பகுதி மேடையில் சிரிப்பை வரவழைக்கலாம், திரையில் காரணமற்ற குரூரமாகத் தெரிந்தது. போர்ஷியாவை மணக்க வருபவர்கள் மூன்று பேழைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதில் தோற்கும் ஆரகன் இளவரசனின் காட்சியைச் சுருக்கினோம். ஆனால் வெட்டுவதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்: புண்படுத்துகிறது என்ற காரணத்துக்காக மட்டும் எதையும் வெட்டக் கூடாது. அதே பேழைத் தேர்வில் மொராக்கோ இளவரசன் தோற்றுப் போனதும், அவன் நிறத்தவர் எல்லோரும் இப்படியே தேர்ந்தெடுக்கட்டும் என்று போர்ஷியா நிம்மதியடைகிறாரே, அந்த வரியைத் தூக்கிவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். சிவந்த நிறக் கதாநாயகிகளையே தேடித் திரியும் தமிழ் சினிமாவுக்கு வெனிஸைக் கண்டித்து ஒளித்து வைக்கும் தகுதி இல்லை என்பது என் கருத்து. கருணையைப் பற்றி உலகத்திலேயே அழகாகப் பேசப்போகிறவர் இப்படியும் பேசுவார் என்பது பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஷைலக் வருவதே ஐந்து காட்சிகளில்தான். வழக்கமான கணக்கில் நாடகத்தின் காட்சிகள் 20. ஆனாலும் நினைவில் நிற்பவர் அவரே என்பதால், திரைக்கதை எழுதுபவருக்கு அவரது பகுதியைக் கூட்டத் தோன்றும். இர்விங், மகள் ஓடிப்போனது தெரியாமல் ஷைலக் இரவில் வீடு திரும்பிக் கதவைத் தட்டும் ஒரு மௌனக் காட்சியைச் சேர்த்தார். அது மூலத்தில் இல்லை. நாங்கள் ஷைலக்குக்குப் புதிய காட்சி எதையும் சேர்க்கவில்லை, ஜெசிகாவுக்கு நேரம் கொடுத்தோம். இரண்டாம் அங்கத்தின் வீட்டுக் காட்சியில் ஷைலக் பேசிக்கொண்டே இருக்கிறார்: கதவைப் பூட்டு, தெருவில் முரசும் குழலும் கேட்டால் சன்னலில் ஏறிப் பார்க்காதே, என் வீட்டின் காதுகளை அடை. ஜெசிகா பேசுவது மிகக் குறைவு. மேடையில் கவனம் பேசுபவர் மேல் போய்விடும். திரையில், கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணைப் பார்க்கலாம். அன்பும் மூச்சுமுட்டலும் ஒரே வீட்டில் இருப்பதை அவள் முகம் சொல்லிவிட்டது, எனக்கு வசனம் எழுத வேண்டிய வேலை மிச்சம்.

நாஜிக் காலத்து மேடையேற்றங்கள் சிலவற்றில், யூதப் பெண் கிறிஸ்தவனை மணப்பது இனச் சட்டத்துக்கு ஒவ்வாது என்பதால் ஜெசிகாவின் பிறப்பையே மாற்றியிருக்கிறார்கள். யாருக்கு எது உறுத்துகிறது என்பதை அவர்கள் எங்கே திருத்தினார்கள் என்பதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். எங்களுக்கு உறுத்தியது ஐந்தாம் அங்கம். இனிய இசையைக் கேட்டால் எனக்கு மகிழ்ச்சியே வருவதில்லை என்பதுதான் அதில் ஜெசிகாவின் கடைசி வரி. அதன்பின் நாடகம் முடியும்வரை அவள் மேடையில் இருக்கிறாள், பேசுவதே இல்லை. தந்தையின் சொத்தெல்லாம் அவர் இறந்தபின் உங்களுக்கே என்று பத்திரம் வந்து சேரும்போதும், பசித்தவர்கள் வழியில் மன்னா பொழிகிறீர்கள் என்று மகிழ்ந்து பேசுபவன் லொரென்ஸோதான். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு இறங்கிய உணவை உவமையாக எடுத்து, ஒரு யூதரிடமிருந்து பறித்த சொத்துக்கு அவன் நன்றி சொல்லும்போது, அந்த யூதரின் மகள் பக்கத்தில் நிற்கிறாள். படத்தொகுப்பின்போது எடிட்டர் மற்ற ஜோடிகளின் சிரிப்புக்குப் போக விரும்பினார்; வசன வேகத்தைக் கருதினால் அவர் சொன்னது தவறில்லை. நாங்கள் ஜெசிகாவைச் சட்டகத்தின் ஓரத்தில் வைத்து, எந்த வெட்டிலும் அவள் மறைந்துவிடாதபடி காட்சியை மறுபடி கோத்தோம். அவளை அழ வைக்கவில்லை. ஷேக்ஸ்பியர் கொடுக்காத கண்ணீரைக் கொடுத்தால் அது எங்கள் மனசாட்சியின் கண்ணீராகத்தான் இருக்கும்.

நீதிமன்றக் காட்சியை மட்டும் வசன வரிசையிலேயே, இடையில் வேறு காட்சி எடுக்காமல் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நடிகர்களின் களைப்பும் எரிச்சலும் அதில் சேர வேண்டியவை. விலைக்கு வாங்கிய அடிமைகளை உங்கள் வீடுகளில் வைத்திருக்கிறீர்களே, அவர்களை விடுதலை செய்யுங்கள், உங்கள் பிள்ளைகளை அவர்களுக்கு மணமுடித்துக் கொடுங்கள் என்று நான் சொன்னால், 'அடிமைகள் எங்களுக்குச் சொந்தம்' என்றுதானே சொல்வீர்கள் என்று ஷைலக் கேட்கும் பகுதி முழுமையாக இருக்கிறது. டியூக் அதற்குப் பதிலே சொல்வதில்லை, வழக்கறிஞர் வந்துவிட்டாரா என்று விசாரிக்கிறார். இங்கே எந்தச் சாதுரியமும் வேண்டாம். கேமரா அசையாமல் இருந்தால் போதும்.

மதமாற்ற நிபந்தனைதான் கடினம். அதை முன்வைப்பவர் அன்டோனியோ. அக்கால நம்பிக்கைப்படி அது ஷைலக்கின் ஆன்மாவுக்குச் செய்யும் நன்மை என்று அவர் உண்மையாகவே கருதியிருக்கலாம். 'திருப்தியா யூதரே, என்ன சொல்கிறீர்?' என்று கேட்பவர் போர்ஷியா. 'திருப்தி' என்கிறார் ஷைலக். அதைத் தொடர்ந்து, உடம்பு சரியில்லை, போக விடுங்கள், பத்திரத்தை அனுப்புங்கள், கையெழுத்திடுகிறேன் என்கிறார். ஷைலக்காக நடித்தவர் அந்த ஒரு சொல்லை அற்புதமாகச் சொன்னார், அவர் முகத்தில் எடுத்த ஷாட்டும் கையில் இருக்கிறது. படத்தில் பயன்படுத்தியது போர்ஷியாவின் முகம். கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார், பதில் சட்டகத்துக்கு வெளியிலிருந்து வருகிறது. ஷைலக்கின் வேதனையைக் காட்டினால் பார்வையாளர் இரக்கப்பட்டுத் தம்மை நல்லவர்களாக உணர்ந்து எழுந்து போய்விடலாம். தாம் கேட்டது என்ன என்பதை உணர்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தைக் காட்டினால் அப்படி எளிதில் தப்ப முடியாது.

படப்பிடிப்புக்கு முன் பிரதியை, கொச்சி யூதப் பின்னணி கொண்ட ஒரு வாசகருக்கு அனுப்பினோம். வசைகளைக் குறைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நீதிமன்றத்தில் ஷைலக் தொழுகைச் சால்வை போர்த்தியிருப்பதாக நான் எழுதியிருந்ததை மட்டும் அடித்துவிட்டு, அது வழிபாட்டுக்கு உரியது, வழக்காடுவதற்கு உடுத்தும் உடையல்ல என்று குறிப்பு எழுதினார். சோகத்தைக் கூட்டுவதற்காக எபிரேயப் பிரார்த்தனையைப் பின்னணி இசையாகப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். வாசல் நிலையின் வலப்புறத்தில் வேதவரிகள் அடங்கிய மெஸூஸா என்ற சிறு குழல் பொருத்தப்பட்டிருக்கும் என்று அவர் சொன்னதால், அரங்க வாசலில் அது சேர்ந்தது. வெனிஸ் யூதர்களுக்கு விதிக்கப்பட்ட சிவப்புத் தொப்பி, தெருக் காட்சிகளில் மட்டும் வருகிறது. மூக்கு ஒப்பனையும் குரல் நடுக்கமும் வேண்டாம் என்பதை ஒப்பனைக்காரரிடம் எழுத்திலேயே கொடுத்துவிட்டோம்.

நடைமுறை விஷயங்கள் சில. ஷேக்ஸ்பியருக்கு உரிமைத் தொகை இல்லை. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பு எதையாவது எடுத்தாண்டால், மொழிபெயர்ப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் ஆகும்வரை அதற்கு உரிமை உண்டு. ஆகவே மூலத்திலிருந்து நேரடியாகவே எழுதினேன். திரையரங்குத் தணிக்கைக்கான 1991-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், மத, இனக் குழுக்களை இழிவுபடுத்தும் காட்சியும் சொல்லும் கூடாது என்கின்றன. அதே நெறிகள், படத்தை முழுமையாக வைத்தும், கதை நிகழும் காலத்தைக் கருத்தில் கொண்டும் மதிப்பிட வேண்டும் என்றும் சொல்கின்றன. சர்ச்சைக்குரிய ஒவ்வொரு வசனமும் யார் வாயில், எதற்காக வருகிறது என்ற குறிப்பை விண்ணப்பத்தோடு வைக்கத் தயாராக இருங்கள். நான் முன்பு சொன்ன பட்டியல் இங்கேயும் கைகொடுத்தது.

அழைத்தவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டியபோது, படம் யூதர்களுக்கு எதிரானது என்று ஒருவரும், கிறிஸ்தவர்களுக்கு எதிரானது என்று ஒருவரும், கடன் கொடுத்தவர் பணத்தைக் கேட்டது குற்றமா என்று ஒருவரும் வாதிட்டார்கள். தொடக்கத்தில் வரலாற்று விளக்க அட்டை ஒன்றைப் போடலாமா என்ற பேச்சு அப்போது மறுபடி எழுந்தது. விளக்க அட்டை, எப்படிப் பார்க்க வேண்டும் என்று பார்வையாளருக்கு முன்கூட்டியே பாடம் நடத்திவிடும் என்பதால், வாயில் பூட்டப்படும் காட்சி ஒன்றை மட்டும் வைத்து, வசனமில்லாமல் தொடங்கினோம்.

கடைசியாகப் பிரச்சினை வந்தது டிரெய்லரில். வெட்டிக் கொடுத்த முதல் பிரதியில், ஷைலக் செருப்பின் அடியில் கத்தி தீட்டுவதும், கண்கள் இல்லையா என்ற பேச்சின் முதல் பாதியும் மட்டும் இருந்தன. வில்லனும் தியாகியும் அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டார்கள். தழுவல் எழுதுபவர்கள், டிரெய்லரும் சுவரொட்டியும் தங்கள் பார்வைக்கு வந்த பிறகே வெளியாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்ததால் பேச முடிந்தது. கத்தி போயிற்று. இப்போது டிரெய்லர் அன்டோனியோவோடு தொடங்குகிறது: இனியும் உன்னை அப்படியே அழைப்பேன் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் அவர் மூவாயிரம் டக்கட் கடன் கேட்கிறார்.